ஒம்பது தலை, முப்பத்தாறு கால்

பொறாமைப்பட்டனான் எண்டு சொல்ல எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. வயிறு எரிஞ்சது. என்ர மகள் "ரீச்சர் சொன்னவ" எண்டு வாய் திறந்த ஒவ்வொரு தரமும் எரிஞ்சது. சோத்தைப் போட்டுக் குடுத்தா, "ரீச்சர் இரவில சோறு சாப்பிடமாட்டாவாம்." தலை இழுத்துவிட்டா, "ரீச்சர் மாதிரி ஒத்தைப் பின்னலாப் பின்னுங்கோ." எனக்கு இருக்கிறது ஒரே ஒரு பிள்ளை. அதையும் கணக்குச் சொல்லிக் குடுக்கிறன் எண்டு ஒருத்தி கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறாளே எண்டுதான் அந்த வருசம் முழுக்க நான் வெந்துகொண்டு திரிஞ்சனான்.

கணக்கு எண்டது எனக்கும் மகளுக்கும் நடுவில இருந்த ஒரு சொத்து. எங்கட வீடு மன்னாரில, தாழ்வுபாடு எண்ட ஊரில, கடற்கரைக்குக் கிட்ட. இவர், என்ர மனுசன், விடிய நண்டு வலையோட வந்தா, நண்டைக் கழற்றிக் குடுத்திட்டு, பின்னேரம் நான் கொட்டிலுக்குள்ள இருந்து வலையில கிடக்கிற பாசியையும் உடைஞ்ச நண்டுக்காலையும் எடுத்துத் துப்புரவாக்குவன். மகள் பள்ளிக்கூடத்தால வந்து, சாப்பிட்டுப்போட்டு, மீன் பெட்டி ஒண்டைக் கவிட்டு வைச்சு அதில குந்துவாள். மடியில கொப்பி. என்ர கை முழுக்க நண்டு நாத்தம், கொப்பியைத் தொட ஏலாது. அதால எல்லாக் கணக்கும் வாயாலதான். அவள் வாசிப்பாள், நான் வலையைப் பாத்தபடி சொல்லுவன்: "மேல இருக்கிறதை ரெண்டால பெருக்கு. இப்ப கீழ இருக்கிறதைக் கழி. என்ன மிஞ்சுது?" எட்டாம் வகுப்பில இருந்து அப்பிடித்தான். ஒருநாளும் நான் பென்சில் பிடிச்சதில்லை, ஒருநாளும் எனக்குப் பிழைச்சதுமில்லை. பெருமைக்குச் சொல்லேல்ல. சரி, பெருமைக்குத்தான் சொல்லுறன்.

அந்த ரீச்சர் ஆரெண்டு சொன்னா என்ர எரிச்சல் உங்களுக்கு இன்னும் வடிவா விளங்கும். அவவும் நானும் பள்ளிக்கூடத்தில ஒரே வாங்குப் பலகையில பக்கத்தில பக்கத்தில இருந்தனாங்கள். கணக்கில நான் முதலாம் பிள்ளை. அவ மூண்டோ நாலோ. சோதினை வருதெண்டா என்னட்டத்தான் ஓடி வருவா: "எடி, இதை ஒருக்காச் சொல்லித் தாவன்." பதினொராம் வகுப்பு முடிவில வாற ஓ.எல் சோதினை ரெண்டு பேரும் நல்லாத்தான் பாஸ் பண்ணினனாங்கள். அதுக்குப் பிறகு ஏ.எல் வகுப்பில கணிதம் படிக்கிறதெண்டா அப்ப யாழ்ப்பாணம் போகோணும். அவவை வீட்டில அனுப்பினவை. எங்கட அப்பா வள்ளத்தில விழுந்து இடுப்பு முறிஞ்சு படுக்கையில. வீட்டில மூத்தது நான். புத்தகத்தை வைச்சிட்டு வலைக்குள்ள இறங்கினன். அவ படிச்சு முடிச்சு, ரீச்சராகி, ஒரு ஸ்கூட்டியோட மன்னாருக்குத் திரும்பி வந்தா. கலியாணம் கட்டேல்ல. பூசைக்குப் போற இடத்தில கண்டா சிரிப்பம். "சுகமா இருக்கிறீங்களா?" எண்டு கேப்பா. ஒரு வாங்கில இருந்து ஒரு வடையைப் பிச்சுத் திண்டவள் "நீங்கள்" எண்டு கதைச்சா அது மரியாதை இல்லை. எட்டத்தில நில் எண்டு சொல்லுறது.

மகள் பதினொராம் வகுப்புக்கு வந்ததும் ரியூசனுக்குப் போகோணும் எண்டு நிண்டாள். "நான் இருக்கிறன், உனக்கென்ன ரியூசன்?" எண்டு கேட்டன். இவர்தான் நடுவில பூந்து, "ஊர்ப் பிள்ளையள் எல்லாம் போகுதுகள், விடன்" எண்டார். ரவுனில கணக்கு ரியூசன் எண்டா எல்லாரும் கையைக் காட்டுறது அவவின்ர வீட்டைத்தான். விட்டன். விட்டதுதான் பிழை.

முதல் நாள் சைக்கிளை மதிலோட சாத்திப்போட்டு வந்து பெட்டியில குந்தினாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"அம்மா, நீங்கள் சொல்லித் தாற முறை பிழையில்லையாம். ஆனா எல்லாக் கணக்குக்கும் அது வசதியில்லையாம்."

"ஆர் சொன்னது?"

"ரீச்சர் சொன்னவ."

அண்டைக்குத் தொடங்கினது. ஒருங்கமை சமன்பாடு எண்டு ஒரு பாடம். தெரியாத எண் ரெண்டு இருக்கும், அதைப் பற்றிச் சொல்ற வசனமும் ரெண்டு இருக்கும், ரெண்டையும் வைச்சு எண்ணைக் கண்டுபிடிக்கோணும். ஒரு கூடைக்குள்ள நண்டும் மீனுமாப் பத்து. நண்டு, மீனைவிட நாலு கூட. அப்ப நண்டு எத்தினை, மீன் எத்தினை? மகள் இதை வாசிக்க, நான் வலையில இருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னன்: "ஒண்டுக்குக் கீழ ஒண்டை எழுது. கூட்டு. மீன் வெட்டுப்பட்டுப் போகும். ரெண்டு மடங்கு நண்டு பதினாலு. அப்ப நண்டு ஏழு. முடிஞ்சுது."

"ரீச்சர் மீனை வெட்டுறேல்ல, அம்மா. நண்டு வாற இடத்தில 'மீனும் நாலும்' எண்டு போடுறா. அப்ப முதலாவது வசனத்தில நண்டே இல்லை. மீனும் நாலும், இன்னொருக்கா மீனும், மொத்தம் பத்து. ரெண்டு மடங்கு மீன் ஆறு. மீன் மூண்டு. நண்டு ஏழு."

"எனக்கும் ஏழு, அவவுக்கும் ஏழு. தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதுக்கு ஒரு ரியூசனோ?"

"அதுக்குப் பேர் பிரதியிடல்."

"பேர் எனக்கும் தெரியும். அந்த வாங்கில நானும் இருந்தனான்."

உண்மையில எனக்கு அந்த முறை அப்பவும் பிடிக்காது. என்ர முறைக்குப் பேர் நீக்கல். நீக்கல் எண்டா நேரடிச் சண்டை. ரெண்டையும் எதிரெதிரா நிப்பாட்டி, ஒண்டை அடிச்சு விழுத்தினா மற்றது தானா வாய் திறக்கும். பிரதியிடல் அப்பிடியில்லை. ஒண்டைத் தனிய இழுத்துக்கொண்டுபோய், அது மற்றதைப் பற்றி என்ன சொல்லுதெண்டு கேட்டு, அந்தக் கதையைக் கொண்டுவந்து அடுத்த வசனத்துக்குள்ள வைக்கிறது. கோள் சொல்லுற வேலை மாதிரி எனக்கு இருக்கும். ஆனா மகள் அதைச் செய்யேக்க வடிவாத்தான் இருந்தது. அடிச்சு வெட்டுறதே இல்லை, வரி வரியா இறங்கி வந்து கடைசியில ஒரு எண்ணில நிக்கும். அந்த வடிவும் எனக்கு எரிச்சல்.

பேந்து அவவின்ர குரலே என்ர கொட்டிலுக்குள்ள வந்திட்டுது. வொட்சப்பில பிள்ளையளுக்குக் குரல் பதிஞ்சு அனுப்புவா. மகள் போனை மீன் பெட்டியில வைச்சுக் கேப்பாள். "இப்ப 'வை'யை எழுவாயாக்குங்கோ பிள்ளையள், தனிய ஒரு பக்கத்துக்கு எடுங்கோ... வடிவாப் பாருங்கோ, எந்தச் சமன்பாட்டில இருந்து எடுத்தீங்களோ அதுக்குள்ளேயே திருப்பிப் போடக்கூடாது, மற்றதுக்குள்ளதான் போடோணும்..." நான் வலையை உதறுவன். நல்லா உதறுவன், கேக்காதபடிக்கு.

"அம்மா, கொஞ்சம் மெதுவா."

"வலை மெதுவா உதறினா பாசி போகாது."

ஒருநாள் வந்து, "ரீச்சருக்குக் கொஞ்சம் நண்டு குடுப்பமா அம்மா?" எண்டு கேட்டாள். குடுக்கமாட்டன் எண்டு சொல்லலாமோ? ஊர் என்ன சொல்லும். குடுத்தன். பெரிய பெரிய நண்டாப் பாத்துத்தான் குடுத்தன். எல்லாம் புதுசாக் கோது மாத்தினது. ஓடு கழற்றின நண்டு பாக்கப் பெரிசா இருக்கும், உடைச்சா உள்ள தண்ணிதான். எங்கட ஆக்கள் கையில தூக்கினவுடன கண்டுபிடிப்பினம். அவவும் தாழ்வுபாட்டுக்காரிதான், பிறந்தது எங்கட வீட்டுக்கு மூண்டு வீடு தள்ளி. கண்டுபிடிக்கட்டும் எண்டுதான் அனுப்பினன். அடுத்த நாள் பாத்திரம் திரும்பி வந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாதுதானே, உள்ள கேக். வெண்ணெய் போட்ட நல்ல கேக். கோவத்தில ஒரு துண்டு திண்டன், பிறகு இன்னொரு துண்டு. நண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா எனக்கு எவ்வளவு நிம்மதி.

அதுக்குப் பிறகுதான் நான் கணக்குப் போட வெளிக்கிட்டன். ரீச்சர் மட்டுந்தானோ கேள்வி எழுதுவா? எனக்கும் ஏலும். மகள் பெட்டியில இருந்து, "இண்டைக்கு வீட்டுப்பாடம் இல்லை" எண்டாள். "அப்ப நான் தாறன், எழுது" எண்டன். கேள்விக்கு என்ன போடலாமெண்டு வாசல் கேற்றடியைப் பாத்தன். மன்னாரில கேற்றடியைப் பாத்தா வேற என்ன நிக்கும்? கழுதைதான். எங்கட நிழல் மரத்துக்குக் கீழ கழுதைக் கூட்டம், அதுக்கு நடுவில பக்கத்து வீட்டு ஆடுகள்.

"கழுதையும் ஆடும் நிக்குது. மொத்தம் ஒம்பது தலை. முப்பத்தாறு கால். கழுதை எத்தினை, ஆடு எத்தினை? கேற்றடியை எட்டிப் பாக்காமல் செய்."

பிள்ளை கொப்பியில குனிஞ்சாள். எழுதினாள். அழிச்சாள். திருப்பி எழுதினாள். நான் வலையைப் பாத்துக்கொண்டு உள்ளுக்குள்ள சிரிச்சன். "என்ன, உங்கட ரீச்சரின்ர முறை இதுக்கு வேலை செய்யேல்லையோ?"

"அம்மா, ஆட்டுக்குப் பதிலா ஒம்பதில கழுதையைக் கழிச்சுப் போட்டன். கழுதை வெட்டுப்பட்டுப் போச்சுது. முப்பத்தாறு சமன் முப்பத்தாறு எண்டு வருது."

"எங்கயோ பிழை விட்டிருக்கிறாய்."

"இல்லையம்மா, மூண்டு தரம் பாத்திட்டன்."

"அப்ப நாலாந் தரம் பார்."

கண்ணில தண்ணி வந்திட்டுது அவளுக்கு. கொப்பியைத் தூக்கிக்கொண்டு உள்ள போனாள். அடுத்த நாள் ரியூசனுக்கும் அந்தக் கொப்பியோடதான் போனாள். அவள் போன பிறகுதான் நான் வலைக்குள்ள இருந்துகொண்டு மனசுக்குள்ள அந்தக் கணக்கைச் செய்து பாத்தன். ஒருக்கா. ரெண்டு தரம். ஐயோ மாதாவே! கழுதைக்கும் நாலு கால், ஆட்டுக்கும் நாலு கால். ஒம்பது தலை எண்டு சொன்னாப் பிறகு முப்பத்தாறு கால் எண்டு சொல்லத் தேவையே இல்லை. வேற ஊர்க்காரி எண்டா கோழியைப் போட்டிருப்பாள், வாத்தைப் போட்டிருப்பாள், ரெண்டு காலும் நாலு காலும் எண்டு கணக்கு நேராய் வந்திருக்கும். கண்ணுக்கு முன்னால நிண்ட மிருகத்தைப் போட்ட மன்னார்க்காரி நான் வாயைக் குடுத்து வாங்கிக் கட்டினன்.

மகள் திரும்பி வந்தாள். நான் தலை நிமிரேல்ல.

"அம்மா, உங்கட கணக்கை ரீச்சர் போர்ட்டில போட்டவ."

"ம்."

"இந்தக் கணக்குப் பிழையில்லை, ஒரே விசயத்தை ரெண்டு தரம் சொல்லுது எண்டு சொன்னவ. ரெண்டு வசனம் இருந்தாப் போதாதாம், ரெண்டும் வேற வேற இடத்தில இருந்து வரோணுமாம். இல்லாட்டி எவ்வளவு செய்தாலும் முப்பத்தாறு சமன் முப்பத்தாறுதானாம். ஆர் தந்த கணக்கெண்டு கேட்டவ. அம்மா எண்டன்."

"அதுக்கு?"

"சிரிச்சவ."

சிரிச்சவ! அந்தச் சிரிப்பை நான் காணேல்ல, ஆனா எத்தினை மாதமா என்ர காதுக்குள்ள கேட்டுக்கொண்டு இருந்தது. வகுப்பில பிள்ளையள் எல்லாருக்கும் முன்னால, ஒருகாலத்தில என்னட்டக் கணக்குக் கேட்டவள், என்ர கழுதையைப் பாத்துச் சிரிச்சிருக்கிறாள். அண்டையில இருந்து நான் மகளுக்குக் கணக்குக் குடுக்கிறதை விட்டிட்டன். அவள் பெட்டியில வந்து இருக்கிறதும் குறைஞ்சது. வீட்டுக்குள்ள மேசையில இருந்துதான் செய்வாள். நானும் கூப்பிடேல்ல. ரோசம் ஆருக்குத்தான் இல்லை.

ஓ.எல் முடிஞ்சு றிசல்ட் வந்தது. கணக்குக்கு ஏ. இவர் ஊருக்கெல்லாம் சோடா வாங்கிக் குடுத்தார். எனக்கும் சந்தோசந்தான், இல்லையெண்டு சொன்னா என்ர நாக்கு அழுகிப்போகும். ஆனா வாற போற சனம் எல்லாம், "ரீச்சரின்ர கைராசி" எண்டுதுகள். ஒருத்தரும் என்ர வலைக்கொட்டிலைப் பற்றிச் சொல்லேல்ல. அந்தக் கிழமைதான் மகள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அம்மா, ஏ.எல்லுக்கு யாழ்ப்பாணம் போகட்டாம். கன்னியர் மடத்து விடுதியில இருந்து படிக்கட்டாம். ரீச்சர் சொன்னவ."

"என்ன?"

"ரீச்சர் விடுதி சிஸ்டரோட போனில கதைச்சிட்டா. இடம் இருக்காம். திங்கக்கிழமை வாறதோ இல்லையோ எண்டு சொல்லோணுமாம்."

என்ர கையில இருந்த கோப்பை கீழ விழுந்தது. விழுந்ததோ போட்டனானோ தெரியாது. இவர் சொன்னார், "பிள்ளை விரும்பினாப் படிக்கட்டுமே." "பிள்ளை எங்க விரும்பினது? அவவெல்லோ விரும்புறா!" எண்டு கத்தினன். இப்ப மன்னாரிலேயே கணிதம் படிக்கலாம். சைக்கிளில போய்ச் சைக்கிளில வரலாம். பிறகேன் யாழ்ப்பாணம்? நான் யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. தனக்குப் பிள்ளை குட்டி இல்லை, என்ர பிள்ளையை என்னட்ட இருந்து பிரிச்சாத்தான் அவவுக்கு மனம் ஆறிப் பத்தியப்படும். பின்னலை மாத்தினா, முறையை மாத்தினா, இப்ப ஊரையும் மாத்தப் பாக்கிறா. குறுக்கால போவாள்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்ச கையோட, கோயிலுக்குக் கட்டின சீலையோடேயே சைக்கிளை எடுத்தன். ரவுன் வரைக்கும் எதிர்க்காத்து. வழியில கழுதை ரெண்டு றோட்டுக்கு நடுவில நிண்டுதுகள், அதுகளுக்கும் ரெண்டு ஏச்சு விழுந்தது. அவவின்ர வீட்டு விறாந்தையில வாங்குகளும் கரும்பலகையும். பிள்ளையள் ஒருத்தரும் இல்லை. அவ தனியப் பலகையைத் துடைச்சுக்கொண்டு நிண்டா.

"வாங்கோ, வாங்கோ. இருங்கோ" எண்டு ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டா.

"இருக்க வரேல்ல. என்ர பிள்ளையை அனுப்ப நீங்கள் ஆர்?"

அவ துணியைக் கீழ வைச்சா. முகம் சிவந்தது. "நான் அனுப்புறனோ? நல்லாயிருக்கு கதை. நீங்கள்தானே அனுப்புறீங்கள்!"

"நானோ? நானோ அனுப்புறன்? விடுதி சிஸ்டரோட கதைச்சது ஆர்?"

"நீ கதைக்கச் சொல்லிச் சொல்லி அனுப்பினனி எண்டுதான் கதைச்சனான்! 'ரீச்சர், அம்மா உங்களை விடுதி சிஸ்டரோட ஒருக்காக் கதைக்கட்டாம், எனக்கு யாழ்ப்பாணம்தான் சரியாம்' எண்டு உன்ர மகள் இந்த வாங்கில இருந்துதான் சொன்னவள். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? இஞ்ச பள்ளிக்கூடத்தில அவளை வைச்சு ஏ.எல் கணிதம் படிப்பிக்கோணும் எண்டு எத்தினை ஆசையோட இருந்தனான். நீ என்னில உள்ள கோவத்துக்குப் பிள்ளையைத் தூக்கி அங்கால போடுறாய் எண்டு மூண்டு நாள் சாப்பிடேல்ல!"

"நீங்கள்" எங்கயோ பறந்திட்டுது. அது எனக்குக் காதில விழுந்தது, ஆனா அப்ப அதைப் பாக்க நேரமில்லை.

"எனக்கென்னடி கோவம்?"

"கோவம் இல்லாமலோ சதையில்லாத நண்டு அனுப்பினனி? நான் என்ன, கொழும்பில பிறந்தனானோ?"

நான் வாயைத் திறக்கப் போனன். அவ விட்டாத்தானே. "வகுப்பில உன்ர மகள் வாய் திறந்தா என்ன சொல்லுவாள் தெரியுமோ? 'அம்மா இதைப் பேப்பர் இல்லாமலே செய்வா. அம்மா ஒரு வரியில முடிப்பா. அம்மா மீனை வெட்டிவிடுவா.' நான் போர்ட் முழுக்க எழுதிப்போட்டுத் திரும்பினா, அவள் உன்ர முறையில செய்து விடையைச் சொல்லிக்கொண்டு இருப்பாள். படிப்பிக்கிறது நான், பேர் உனக்கு. பள்ளிக்கூடத்தில இருந்தே அப்பிடித்தானே. பேந்து அந்தக் கழுதைக் கணக்கு! பதினைஞ்சு வருசமாப் படிப்பிக்கிறன், அப்பிடி ஒரு கணக்கை நான் யோசிச்சதில்லை. ஒரே விசயத்தை ரெண்டு தரம் சொன்னா விடை வராது எண்டதைப் பிள்ளையளுக்கு ஒரு சொட்டில விளங்கப்படுத்திப்போட்டாய். எரிச்சலில சிரிச்சனான். வேணுமெண்டுதானே போட்டனி?"

"ஓம்" எண்டன். "வேணுமெண்டுதான்."

அந்த ஒரு ஓமை இண்டுவரைக்கும் நான் திருப்பி வாங்கேல்ல.

விறாந்தையில காத்து. நான் கடைசியில கதிரையில இருந்தன். அவ வாங்கில இருந்தா. நான் அனுப்பேல்ல. அவவும் அனுப்பேல்ல. எனக்கு "ரீச்சர் சொன்னவ", அவவுக்கு "அம்மா சொன்னவ". நாங்கள் ரெண்டு பேரும் ஒருநாளும் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கமாட்டம் எண்டு அந்தக் கள்ளிக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. ஒரு வருசமா நான் என்ர சந்தேகத்தை என்னட்டயே கேட்டு, ஓம் சரிதான் எண்டு நானே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறன். அவவும் அப்பிடித்தான். முப்பத்தாறு சமன் முப்பத்தாறு.

"எடி," எண்டா அவ மெதுவா, "அப்ப அவள்தான் போக விரும்புறாள்."

அதைக் கேட்டவுடன எனக்கு வந்தது கோவமில்லை. கோவப்பட ஆளில்லாமல் போன ஒரு பயம். இவ்வளவு நாளும் ரீச்சரைத் திட்டிக்கொண்டு இருந்தது எவ்வளவு சுகமா இருந்திருக்கு எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது.

வீட்டை வந்தன். மகள் கொட்டிலடியில பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை அலசிக்கொண்டு நிண்டாள். என்ர முகத்தைப் பாத்தவுடன விளங்கியிட்டுது. சட்டையைப் பிழிஞ்சு தோளில போட்டுக்கொண்டு, போய் அந்த மீன் பெட்டியில குந்தினாள். எத்தினை மாதத்துக்குப் பிறகு.

"ஏனடி பொய் சொன்னனி?"

அவள் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தாள். "அம்மா, நான் உங்கட முறையில செய்தா ரீச்சரின்ர முகம் சுருங்குது. ரீச்சரின்ர முறையில செய்தா நீங்கள் வலையைப் போட்டு அடிக்கிறீங்கள். எந்த முறையில செய்தாலும் ஆருக்கோ நோகுது. எனக்கு ஒருத்தரும் பாக்காத இடத்தில இருந்து ஒரு கணக்குச் செய்து பாக்கோணும் போல இருந்தது."

"அதை என்னட்ட நேர சொல்லியிருக்கலாமே."

"ரீச்சர் சொன்னவ எண்டா நீங்கள் கோவிப்பீங்கள். நான் விரும்புறன் எண்டா நீங்கள் அழுவீங்கள்." அவள் நிமிர்ந்தாள். "நீங்கள் கோவிச்சா நான் சமாளிச்சுப்போடுவன் அம்மா. அழுதா நான் போகமாட்டன்."

நான் வலையை எடுத்து மடியில போட்டன். துப்புரவான வலை, அதில எடுக்க ஒண்டுமில்லை. பாசி எடுக்கிற மாதிரிக் கையை ஓட்டிக்கொண்டு இருந்தன். அப்பதான் எனக்கு இன்னொண்டும் விளங்கினது. ரீச்சரில எரிஞ்சது பாதிதான். மிச்சப் பாதி இந்தப் பிள்ளையில. இதே வயசில, இதே கடற்கரையில, இதே யாழ்ப்பாணம் எனக்கு முன்னால இருந்தது. நான் போகேல்ல. இவள் போறாள். பெத்த பிள்ளையில பொறாமைப்படுறது பாவமெண்டா, அந்தப் பாவத்தை நான் ஃபாதரிட்ட இன்னும் சொல்லேல்ல. சொல்லவும் மாட்டன். அது எனக்கும் அவளுக்கும் நடுவில உள்ளது.

"விடுதியில நண்டு தரமாட்டினம்" எண்டன்.

"தெரியும்."

"எல்லாக் கணக்கையும் பிரதியிட்டுக்கொண்டு இராதை. சிலதுக்கு நீக்கல்தான் கெதி, ஒரு வரியில முடியும்."

"ஓம் அம்மா."

போற அண்டைக்கு யாழ்ப்பாண பஸ் நிக்கிற இடத்துக்கு ரீச்சரும் ஸ்கூட்டியில வந்திட்டா. கையில ஒரு கேக் பெட்டி. மகள் இவரோட உள்ள ஏறி, யன்னல் ஓரத்தில இருந்தாள். ஒத்தைப் பின்னல். நான்தான் பின்னிவிட்டனான். நாங்கள் ரெண்டு பேரும் கீழ, அடுத்தடுத்து நிண்டம், பள்ளிக்கூட வாங்கில இருந்த மாதிரி. பஸ் ஸ்ராட் ஆனதும் எனக்குப் பக்கத்தில ஒரு விம்மல் சத்தம் கேட்டது. திரும்பிப் பாத்தா, ரீச்சரின்ர கண் நிரம்பி வழியப் பாக்குது.

அவவின்ர கையில நுள்ளினன். நல்லா நுள்ளினன். "எடி விசரி, அழாதை! இறங்கிப்போடுவாள்."

அவ உதட்டைக் கடிச்சுக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினா. அடுத்தது நான்தான். மகள் யன்னலால என்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தாள், கண் வெட்டாமல். ஏசுறதுக்கு ஆர் இருக்கினம் எண்டு நான் சுத்திவரப் பாத்தன். கொண்டக்டர் அவளின்ர பையைத் தூக்கிப் பின்னுக்கு எறிஞ்சுகொண்டு இருந்தான்.

"ஏய் தம்பி! உதென்ன மூட்டையோ எறியிறாய்? உள்ள போத்தல் இருக்கு, கண் தெரியாதோ உனக்கு?"

"அம்மா, மெதுவாத்தான் வைச்சனான்."

"மெதுவாவோ? நான் பாத்துக்கொண்டுதானே நிக்கிறன்! எடு, எடுத்து வடிவா வை. நிமித்தி வை. அப்பிடியில்லை!"

யன்னலுக்குள்ள மகள் சிரிக்கத் தொடங்கினாள். பஸ் வெளிக்கிட்டுப் பாலத்துப் பக்கம் திரும்புமட்டும் நான் பின்னால நடந்து நடந்து அந்தக் கொண்டக்டரை ஏசிக்கொண்டுதான் போனனான்.